வாசிப்பவனுக்கு ஒரு மடல்

ஆவடியிலும் வெள்ளானூரிலும் எங்கள் தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவன் கட்டிய எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், முன்னறைச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பொய் தொங்கும். ரோஸ் தாள், சுற்றிலும் கொடி வேலைப்பாடு, மேலே ஒரு குத்துவிளக்குப் படம், அதன் கீழே கொட்டை எழுத்தில் 'பணி நிறைவுப் பாராட்டு மடல்'. உழைப்பின் சிகரமே, உண்மையின் அகரமே என்று ஆரம்பித்து இல்லறத் துணைவியாரோடு நீடு வாழ்க என்று முடியும். நடுவில் இருக்கிற வரிகளில் அந்த வீட்டுக்காரனைப் பற்றி உண்மையாக இருப்பது அவன் பெயர் ஒன்றுதான். சில சமயம் அதிலும் இனிஷியல் தப்பாக இருக்கும்.

இந்தப் பொய்களையெல்லாம் எழுதியவன் ஸ்டோர்ஸ் கோவிந்தராஜ். ஊரறியச் சத்தம் போட்டு வாசித்தவன் நான். என் பெயர் சுலைமான், பூந்தமல்லிக்காரன், டர்னர். லேத் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிய தொண்டை எனக்கு. ஒருமுறை மைக் கெட்டுப்போன நாளில் என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எவன் ஓய்வு பெற்றாலும் மடல் வாசிக்க நான்தான் என்று ஆகிவிட்டது.

கோவிந்தராஜ் தனக்கு வெண்பாதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டவன். வாழ்நாளில் ஒரு வெண்பா எழுதியதில்லை. ஸ்டோர்ஸ் ஜன்னலில் உட்கார்ந்து, ஒரு ஸ்பேனர் கேட்டால் மூன்று கையெழுத்து கேட்கிற ஆள், மாலையில் தோளில் துண்டு போட்டுக்கொண்டால் கவிஞராகிவிடுவான். அவனை 'கவிஞரே' என்று கூப்பிட்டால் தலையைக் கொஞ்சம் சாய்த்து ஏற்றுக்கொள்வான். நான் கூப்பிடும்போது அதில் கலந்திருப்பது என்ன என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தலையைச் சாய்ப்பான், வேறு யாரும் அவ்வளவு சத்தமாகக் கூப்பிட மாட்டார்கள் என்பதால்.

எங்கள் தலைமுறைக்குப் பிறந்த தேதி கொடுத்தவர்கள் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர்கள்தான். பையனைச் சேர்க்க வந்த அப்பனுக்குத் தேதி தெரியாது. ஹெட்மாஸ்டர் விரலை மடக்கிப் பார்த்து ஜூன் மாதத்தில் ஏதோ ஒன்றைப் போட்டுவிடுவார். அதனால் தமிழ்நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் வந்து எங்கள் தொழிற்சாலையில் சேர்ந்த அத்தனை பேரும் ஜூனில் பிறந்தவர்கள், ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறவர்கள். கோவிந்தராஜுக்கு அது அறுவடைக் காலம். ஒரே மடலை எடுத்து, பெயரை மாற்றி, சிகரத்தை மேலே தூக்கி, அகரத்தைக் கீழே இறக்கி, மண்ணூர்பேட்டை அச்சகத்தில் கொடுத்துவிடுவான்.

ஒரு ஜூனில் இந்த அவசரம் அவனைக் காட்டிக்கொடுத்தது. ஃபோர்மேன் இராமகிருஷ்ணனும், எங்கள் ஷாப்பில், அதாவது நான் லேத் ஓட்டும் கூடத்தில், வேலை பார்த்த கஜபதியும் ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள். இராமகிருஷ்ணனுடைய மனைவி சுசீலா. கஜபதியின் மனைவி ஜெகதாம்பாள். மேடையில் நின்று கஜபதியின் மடலை வாசித்துக்கொண்டே வருகிறேன், கடைசியில் 'அன்புத் துணைவி சுசீலா அம்மையாரோடு பல்லாண்டு வாழ்க' என்று அச்சாகியிருக்கிறது. எதிரே முதல் வரிசையில் ஜெகதாம்பாள் அம்மாள் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருக்கிறார். நான் மூச்சுவிடாமல் 'ஜெகதாம்பாள் அம்மையாரோடு' என்று வாசித்து இறங்கிவிட்டேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஜெகதாம்பாள் வீட்டில் சட்டத்தை மாட்டிவிட்டுப் படித்துப் பார்த்திருக்கிறார். கஜபதி பட்ட பாட்டை அவன் வாயால் கேட்கவேண்டும். கோவிந்தராஜ் போய்ச் சட்டத்தைக் கழற்றி, சரியான பெயரை ஒரு துண்டுத் தாளில் அச்சடித்து ஒட்டிவிட்டு வந்தான். இன்றைக்கும் வெயில் படும்போது ஜெகதாம்பாளுக்குப் பின்னாலிருந்து சுசீலா தெரிவாள். இப்படிப்பட்டவன்தான் எங்கள் கவிஞன்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், தொண்ணூற்று இரண்டு ஜூனில் என் முறை வந்தது. எனக்கும் ஹெட்மாஸ்டர் கொடுத்த தேதிதான். என்னோடு சேர்ந்து அதே நாளில் போகிறவன் கன்னியப்பன். ஷிப்ட் ஆரம்பிக்கும்போது அவன் மிஷினுக்கு முன்னால் நின்று யாரும் பார்த்ததில்லை. பாதி நாள் கேட்டுக்கு வெளியே காவல்காரனிடம் கெஞ்சிக்கொண்டிருப்பான். அவனுக்கு 'காலம் தவறாக் கடிகாரமே' என்று மடல் எழுதி, அச்சாகி, கண்ணாடியும் போட்டாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். என்னுடையதைப் பற்றிப் பேச்சே இல்லை.

நான் கேட்கவில்லை. கேட்பேனா? எத்தனை வருஷமாக அந்தக் குப்பையைக் குப்பை என்று சொல்லி வந்திருக்கிறேன். கேன்டீனில் ஒரு பெஞ்சே என்னைச் சுற்றி உட்கார்ந்து, நான் வெண்பாதாசன் வரிகளை மூக்கால் வாசித்துக் காட்டுவதைக் கேட்டுச் சிரிக்கும். ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அது வேண்டியிருந்தது. ரோஸ் தாளும் குத்துவிளக்கும் இல்லாமல் நான் வீட்டுக்குப் போக முடியாது.

காரணம் என் மனைவி ஜமீலா. எங்களுடையது ராணுவத் தொழிற்சாலை, உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியே சொல்லக்கூடாது. கட்டிய மனைவி கேட் வரைக்கும்தான் வரலாம். உள்ளே நான் என்ன செய்தேன், எப்படிப்பட்டவனாக இருந்தேன் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. வருஷா வருஷம் சமுதாயக் கூடத்தில் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, அடுத்தவள் புருஷனை நான் வானத்துக்குத் தூக்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நூம்பலில் நாங்கள் கட்டிய வீட்டில் வெள்ளையடித்து முடித்த அன்று, முன்னறைச் சுவர் ஒன்றைக் காட்டி இது மடலுக்கு என்று சொல்லிவிட்டாள். அதோடு விடவில்லை.

"ஊர்ல கீற ஆம்பளைங்களை எல்லாம் புகழ்ந்து தள்ளிட்டீங்க," என்றாள். "உங்களை அந்த ஆளு இன்னா சொல்லப்போறாருன்னு நான் கேக்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கோவிந்தராஜின் குவார்ட்டர்சுக்குப் போனேன். நான் எதற்கோ அந்தப் பக்கம் வந்ததாகக் காட்டிக்கொள்ள, கையில் ஒரு பையையும் எடுத்துக்கொண்டேன். வாசலிலேயே அவன் மனைவி பார்வதம் உதட்டில் விரலை வைத்துத் தடுத்தாள். சார் எழுதுகிறார். குக்கர் விசில் தொந்தரவு என்று சட்டியில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ரேடியோவையும் போய் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தாளாம். ஒரு காவியம் எழுதுகிறவனுக்குக்கூட இவ்வளவு அமைதி கிடைத்திருக்காது.

உள்ளே கவிஞர் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே, பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் கசக்கிப்போட்ட தாள்கள். எல்லாம் ஸ்டோர்ஸில் இருந்து வந்த அரசாங்கத் தாள். முகம் பல் பிடுங்கப் போகிறவன் முகம். என்னைப் பார்த்ததும் மடியில் இருந்ததைக் கவிழ்த்துவிட்டான். நான் குனிந்து ஒரு கசங்கலை எடுத்துப் பிரித்தேன். 'பூந்தமல்லிப் பிறையே' என்று ஒரு வரி எழுதி, அதை அடித்திருந்தான்.

பிறை நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் அடித்தாய் என்று கேட்டேன். அவன் சங்கடமாக, உஸ்மான் கனிக்குப் போட்டாகிவிட்டது என்றான். அது எனக்குத் தெரியும். உஸ்மான் கனிக்கு 'பட்டாபிராம் பிறையே'. முஸ்லிம் என்றால் இவனுக்குத் தெரிந்தது பிறை ஒன்றுதான். எத்தனை பாய்கள் ஓய்வு பெற்றாலும் அதே பிறைதான், ஊர் மட்டும் மாறும்.

அப்புறம் அவனே உடைத்தான். மாதம் பிறந்ததிலிருந்து எனக்கு எழுத உட்காருகிறானாம், ஒரு வரிகூட நிற்கவில்லையாம்.

"எல்லாத்தையும் வாசிச்சவன் நீ, பாய்," என்றான். "எதை எழுதினாலும் இது கஜபதியுது, இது இராமகிருஷ்ணனுதுன்னு ஒனக்குத் தெரிஞ்சிடும். மத்தவனுக்குத் தெரியாது, ஒரு தபா கேட்டுட்டு ஊட்டுக்குப் போயிடுவான். ஒனக்குப் போட எங்கிட்ட வரி இல்ல."

எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு காலம் இவன் எழுதியது மொத்தமே ஒரு மடல்தான், அதன் இருப்பு தீர்ந்துபோனதற்கு ஈரத்துண்டு ஒரு கேடா? ஸ்டோர்ஸில் சாமான் இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவானே, அப்படிக் கொடுத்துவிடவேண்டியதுதானே என்றேன். புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று ஷாப் ஷாப்பாகப் போய் என்னைப் பற்றி விசாரித்தும் பார்த்தானாம். அதைச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். மழுப்பினான். நான் விடவில்லை.

"நல்லா வாசிப்பாருன்றாங்க," என்றான். "அப்பறம், எவனையும் மதிக்க மாட்டாருன்றாங்க. அத்தோட நிறுத்திக்கிறாங்க. வேற ஒண்ணும் யாருக்கும் சொல்லத் தெரியல, பாய்."

எனக்குச் சுரீர் என்றது. இவர்களோடு ஒரே கூரைக்குக் கீழே எண்ணெய்ப் புகை தின்று காலம் கழித்திருக்கிறேன். கஜபதிக்குச் சிகரம், கன்னியப்பனுக்குக் கடிகாரம், எனக்கு மட்டும் ஒரு தொண்டையும் ஒரு குறையும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தனும் மதிக்கிற மாதிரி இல்லையே, அதற்கு நான் என்ன செய்வேன் என்று கத்தவேண்டும் போல இருந்தது. அதற்குப் பதிலாக அவன் எழுத்தைப் பிடித்துக்கொண்டேன். சிகரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வரியாகக் கிழித்தேன். உழைப்பைப் பற்றி எழுதுகிறவன் ஒருநாளாவது ஷாப்புக்குள் வந்து எவன் என்ன செய்கிறான் என்று பார்த்திருக்கிறானா என்று கேட்டேன். பார்வதம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். குக்கரே வைத்திருக்கலாம் என்று நினைத்திருப்பாள்.

கோவிந்தராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அவனுக்குக் கோபமே வரவில்லை, அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. பிறகு மெதுவாகக் கேட்டான், நான் எழுதியது குப்பை என்கிறாய், சரி, அந்தக் குப்பையை நீ எப்படி அப்படி வாசித்தாய் என்று. கஜபதியின் மடலுக்கு ஜெகதாம்பாள் அழுததை அவனும் பார்த்திருக்கிறான். 'கருணை பொழியும் கார்முகிலே' என்று எழுதும்போது தனக்கே வெட்கமாக இருந்ததாம், நான் வாசித்தபோது அது நிஜமாகிவிட்டதாம்.

கஜபதி கருணை முகில்தான். எவன் லேட், எவன் பீடி பிடிக்கப் போனான் என்று ஃபோர்மேன் காதில் ஓதி எத்தனையோ பேருக்கு மெமோ வாங்கிக்கொடுத்தவன். யாருக்கும் ஒரு தீக்குச்சி கொடுக்க மாட்டான். அவனைப் போய் முகில் என்று வாசிக்க எனக்கு மட்டும் நாக்கு வருமா? அதை எப்படிச் செய்வேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன்.

"காலைல மிஷினைப் போடறதுக்கு முன்னால, ஸ்பேனரால ரெண்டு தட்டு தட்டிட்டு நிப்பான் கஜபதி," என்றேன். "அடியில பல்லி கீதுன்னு. அது வெளியே ஓடற வரைக்கும் நிப்பான், அப்பறம்தான் சுவிட்ச்சு. தெனமும். கருணை முகில்னு வாசிக்கசொல்ல நான் அந்தப் பல்லியத்தான் நெனச்சேன். ஒன் வரியை எவன் நெனச்சான்?"

அப்புறம் இராமகிருஷ்ணன். 'அஞ்சா நெஞ்சமே' என்று எழுதியிருந்தான். அதிகாரி வருகிறார் என்றால் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிற நெஞ்சம் அது. ரத்தத்தைப் பார்த்தால் மயங்கி விழுவான். ஆனால் தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் ஒருத்தனுக்கு விரல் துண்டானபோது, அதைக் கைக்குட்டையில் சுற்றி, ஆஸ்பத்திரி வரைக்கும் தன் மடியில் வைத்துக்கொண்டு போனவன் இராமகிருஷ்ணன்தான். கொடுத்துவிட்டு அங்கேயே வராண்டாவில் விழுந்தான். அந்த வரி வந்தபோது நான் கைக்குட்டையை நினைத்துக்கொண்டேன், நெஞ்சை நினைக்கவில்லை.

கன்னியப்பனின் கடிகாரத்தை உன்னை வாசிக்கச் சொன்னால் எதை நினைப்பாய் என்று கேட்டான் கோவிந்தராஜ். அதையும் சொன்னேன். எனக்குச் செகண்ட் ஷிப்ட் இருக்கிற வாரங்களில் காலையில் அண்ணனூர் பக்கம் மீன் வாங்கப் போவேன். கன்னியப்பன் தன் மகளைக் காலேஜ் ரயிலுக்கு லேடீஸ் பெட்டியில் ஏற்றிவிட்டு, ரயில் கண்ணை மறைக்கிற வரைக்கும் பிளாட்பாரத்திலேயே நிற்பான். அதற்குப் பிறகு சைக்கிளை எவ்வளவு மிதித்தாலும் கேட் மூடியிருக்கும். அந்த ரயிலுக்கு அவன் ஒருநாளும் பிந்தியதில்லை. அதைக் காவல்காரனிடம் சொல்லியிருந்தால் விட்டிருப்பான், ஆனால் அந்த மடையனுக்குச் சொல்லத் தெரியாது.

கோவிந்தராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலையிலிருந்த துண்டை எடுத்துக் கொடியில் எறிந்துவிட்டு, கவிழ்த்த அட்டையை நிமிர்த்தினான்.

"நீ கெளம்பு, பாய்," என்றான்.

காபி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு ஸ்டோர்ஸ் குமாஸ்தா என்னை வீட்டைவிட்டு அனுப்புகிறான். பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஜமீலாவிடம், மடல் கிடல் எல்லாம் வராது, அந்த ஆளுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சரி என்று மட்டும் சொன்னாள். அன்று முழுவதும் நூம்பல் வீட்டைப் பற்றி எதுவும் பேசவில்லை.

கடைசி நாள் வந்தது. சமுதாயக் கூடத்தில் தோரணம், மைக், ஆளுக்கு ஒரு காகிதத் தட்டில் காராபூந்தியும் லட்டும். ஏற்கெனவே ஓய்வுபெற்றுப் போனவர்கள் எல்லாம் வெள்ளை வேட்டியில் வந்து முன்வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். லட்டு என்றால் வெள்ளானூரிலிருந்து நடந்தே வருவார்கள். கஜபதியும் இராமகிருஷ்ணனும் பக்கத்தில் பக்கத்தில். மேடையில் எனக்கும் கன்னியப்பனுக்கும் ஆள் உயர ரோஜா மாலை. மேஜைமேல் செய்தித்தாளில் சுற்றிய சட்டம் ஒன்றுதான் இருந்தது. ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறதா என்று நான் இரண்டு தரம் கழுத்தை நீட்டிப் பார்த்தேன்.

கன்னியப்பன் மடலை வாசிக்க ஆளில்லை. சங்கச் செயலாளர் தயங்கித் தயங்கி என்னிடமே நீட்டினார். ஓய்வு பெறுகிறவனே ஓய்வு பெறுகிறவனுக்கு வாசிப்பது உலகத்தில் எங்கும் இருக்காது. மாலையைக் கழற்றினால் அபசகுனம் என்று அதையும் கழற்ற விடவில்லை. ரோஜா இதழ் வாயில் புக, நான் எழுந்து நின்று வாசித்தேன். காலம் தவறாக் கடிகாரமே என்று சொல்லும்போது அண்ணனூர் பிளாட்பாரம் கண்ணில் வந்தது. கூடமே கைதட்டியது. நான் உட்கார்ந்தேன். இனி என்னை அனுப்பிவிட்டு லட்டு தின்னப் போவார்கள் என்று நினைத்தேன்.

அப்போது கோவிந்தராஜ் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். அச்சகத்திலிருந்து நேராக வருகிறான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெறும் வெள்ளைத் தாள். குத்துவிளக்கு இல்லை, பிறை இல்லை, கொடியும் இல்லை. அவசரத்தில் அச்சகத்தில் அவற்றைப் போடச் சொல்ல மறந்துவிட்டானாம். நேராக மைக்கின் முன்னால் போய் நின்றான். அவன் குரலை மைக்கில் யாரும் கேட்டதில்லை. கேட்காமலே இருந்திருக்கலாம், பித்தளைப் பாத்திரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம். தடுமாறித் தடுமாறி வாசித்தான்.

*கஜபதி மிஷினைப் போடும் முன்பு*
*பல்லி ஓடட்டும் என்று நின்றான்.*
*நாங்கள் பார்க்கவில்லை. சுலைமான் பார்த்தான்.*
*ரத்தம் கண்டால் மயங்கும் இராமகிருஷ்ணன்*
*துண்டான விரலை மடியில் வைத்துப் போனான்.*
*நாங்கள் மறந்தோம். சுலைமான் மறக்கவில்லை.*
*கேட்டுக்கு வெளியே நின்ற கன்னியப்பன்*
*மகளின் ரயிலுக்கு ஒருநாளும் பிந்தவில்லை.*
*அதுவும் சுலைமானுக்குத்தான் தெரியும்.*
*இவற்றை நினைத்துக்கொண்டு*
*நான் எழுதிய பொய்களை அவன் வாசித்தான்.*
*அதனால் அவை பொய்யாகவில்லை.*

எதுகை இல்லை, மோனை இல்லை, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் உறவே இல்லை. எங்கே கைதட்டுவது என்று கூட்டத்துக்குத் தெரியவில்லை, சிகரமும் அகரமும் இருந்தால்தானே தெரியும். முடித்துவிட்டான் என்றே யாருக்கும் புரியவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குள் வைத்துச் சொன்னதை மேடையில் போட்டு உடைத்துவிட்டான். என்னைப் பற்றி எழுதச் சொன்னால் ஊரில் உள்ளவனைப் பற்றியெல்லாம் எழுதியிருக்கிறான். கடைசி வரி வேறு சுத்தமான வெண்பாதாசன் வரி.

ஆனால் முன்வரிசையில் கஜபதி தலையைக் குனிந்துகொண்டு, மடியிலிருந்த லட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் பக்கத்தில் கன்னியப்பனின் மகள் அப்பாவை ஒரு புது ஆளைப் பார்ப்பது போல் பார்த்தாள். கன்னியப்பன் மேடையில் எனக்குப் பக்கத்தில் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கோபத்துக்குக் கீழே எனக்கு வேறு ஒன்றும் வந்தது. அது சந்தோஷம், வேறு பெயர் இல்லை. இறங்கும்போது கோவிந்தராஜ் எதிரே நின்றான், எப்படி இருந்தது என்று கேட்கிற முகத்தோடு. உன் குரலுக்கு ஸ்டோர்ஸ்தான் சரி என்றேன். அவன் தலையைச் சாய்த்து அதையும் ஏற்றுக்கொண்டான்.

ரிப்பன் கட்டிய அம்பாசடரில் எங்களை ஏற்றி அனுப்பினார்கள். குவார்ட்டர்ஸை முந்தின வாரமே காலி செய்துவிட்டோம், நேரே நூம்பலுக்குப் போகவேண்டும். மடியில் சட்டத்தை வைத்துக்கொண்டு ஜமீலா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பருத்திப்பட்டு தாண்டும் வரைக்கும் கண்ணாடிமேல் விரலை ஓட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

"அந்தப் பல்லி நெசமா?" என்றாள்.

நிஜம்தான் என்றேன். விரலும் நிஜமா என்று கேட்டாள். அதுவும்தான் என்றேன். எல்லாரைப் பற்றியும் அப்படி ஒன்று தெரியுமா என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. ஷாப்பில் எவன் பெயரைச் சொன்னாலும் சொல்வேன் என்றேன்.

"என்னைப் பத்தி அப்டி இன்னா பாத்து வச்சிகினு கீறீங்க?"

வாயைத் திறந்தேன். அவள் மீன் குழம்பு நன்றாக வைப்பாள், அதை எந்தப் பெண்டாட்டியைப் பற்றியும் சொல்லலாம். நோன்பில் ஒன்றைக்கூட விடமாட்டாள், அதை எந்தப் பாய் வீட்டுப் பெண்ணைப் பற்றியும் சொல்லலாம். நான் ஷிப்டுக்குப் போன பிறகு அவள் முதலில் என்ன செய்வாள், எதைக் கண்டு பயப்படுவாள், எதற்காக எங்கே நிற்பாள்? நாக்கின் நுனிக்கு வந்து நின்றது ஒன்றே ஒன்றுதான். 'இல்லறத்தின் விளக்கே, இன்பத்தின் இலக்கே.' கோவிந்தராஜ் எல்லார் மனைவிக்கும் போடுகிற வரி. ஊரிலேயே மட்டமான அந்தச் சரக்குதான் என்னிடமும் இருந்தது. அதை அவளிடம் சொல்லுகிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

வேலப்பன்சாவடி வந்துவிட்டது. டிரைவர் எந்தப் பக்கம் என்று கேட்டான். ஜமீலாதான் வழி சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, மாலையிலிருந்து என் சட்டையில் விழுந்திருந்த இதழ்களை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டாள்.

"பரவால்ல," என்றாள். "நாளைலேந்து வேலைக்குப் போவப்போறதில்லையே, ஊட்டுலதானே கீறப்போறீங்க. மெதுவா பாத்துச் சொல்லுங்க."